அழுக்குப் பக்கத்து வாசல்

பிப்ரவரி 3, செவ்வாய்

மூன்றாம் நம்பர் சலவை மெஷின் இன்றும் முனகியது. பேரிங் போய்விட்டது என்று போன மாதமே சொல்லியாயிற்று. ஆஸ்பத்திரித் துணி வந்துகொண்டே இருக்கிறது, நிறுத்திப் பார்க்க யாருக்கும் மனசில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் அதே முனகல்.

இவள் காலையில் வாந்தி எடுத்தாள். எனக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு எடுத்தாள். நேற்றும் அப்படித்தான். கேட்டால் பித்தம் என்கிறாள். மகள் அடுத்த வருஷம் காலேஜுக்குப் போகப் போகிறாள். இந்த வயதில் இன்னொன்றா? ஊர் சிரிக்கும். நானே கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். பிறகு பயம் வந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

கேட்டேவிட்டேன், ஏதாவது விசேஷமா என்று. "உங்களுக்கு எப்பவும் அந்த நெனப்புதான்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாக மகளோடுதான் படுக்கிறாள். நான் குறட்டை விடுகிறேனாம். இத்தனை வருஷம் கேட்காத குறட்டை இப்போது எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 8, ஞாயிறு

விசேஷம் இல்லை. விஷயம் வேறு.

எழுதினால் நெஞ்சு அடங்குமா என்று பார்க்கிறேன். மகள் வெளியே போனதும் இவள் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். போன மாதம் ஆலையில் அழுக்குத் துணி மூட்டை பிரிக்கும்போது, போர்வைக்குள் சுருண்டிருந்த ஊசி ஒன்று கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஏறியிருக்கிறது. ஊசியில் ரத்தம் இருந்ததாம். யாருக்குப் போட்ட ஊசியோ. அந்த ஆளுக்கு என்ன நோயோ. சூப்பர்வைசரிடம் காட்டியதற்கு, ஊசி நம்ம மூட்டையில்தான் இருந்தது என்பதற்கு யார் சாட்சி, போய் சோப்புப் போட்டுக் கழுவு என்றானாம். அதற்கு மேல் பேசினால் நாளையிலிருந்து வராதே என்று அவளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியில் சொல்லிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு ஷிப்ட்டை முடித்திருக்கிறாள்.

அன்றைக்கே, ரவிக்கை தைக்கும் கடைக்காரி தையலக்கா, ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை. வாந்தி அதனால்தான். மாத்திரை சாப்பிட்டாலும் மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வார்களாம். அதுவரை என்னிடம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குறட்டை என்றது அதற்குத்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பயப்படுவீங்க."

பொய்யில்லை. இப்போது அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

எங்கள் சலவை ஆலையில் நடுவே ஒரு சுவர். மெஷின்கள் சுவருக்குள் பதிந்திருக்கும், இரண்டு பக்கமும் கதவு. அழுக்குப் பக்கத்தில் ஏஜென்சிப் பெண்கள் மூட்டையைப் பிரித்து, ரகம் பார்த்து உள்ளே தள்ளுவார்கள். சுத்தப் பக்கத்தில் நாங்கள், நிரந்தர ஆட்கள், மெஷினை ஓட்டி வெளுத்ததை எடுப்போம். எங்களுக்கு நீலச் சட்டை, முன்வாசல். அவர்களுக்குப் பச்சைக் கோட்டு, பின்வாசல். சாப்பிடும் நேரம்கூட வேறு வேறு. ஒரே கூரைக்கு அடியில் வேலை செய்தும் முகம் பார்த்துக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டி என்று எங்களைக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இன்று ஒவ்வொரு விரிப்பும் சுடச்சுட, வெள்ளை வெளேரென்று வெளியே வந்தபோது அந்தப் பக்கம் யார் கையில் என்ன ஏறியதோ என்று நினைத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

சங்கக் கமிட்டி. நான் செயலாளர். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று போட்டார்கள், வேறு தகுதி கிடையாது. தலைவர் மைக் அண்ணன். மைக் வைக்காமலே தெருமுனை வரை கேட்கிற குரல் என்பதால் அந்தப் பெயர்.

ஏஜென்சிப் பெண்களுக்கு ஊசி குத்துகிறதாம், நாம் ஏதாவது கேட்கலாமா என்று ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரிக்கு என்று சொல்லவில்லை. அவர்கள் நம் உறுப்பினர் இல்லையே என்றார் அண்ணன். தையல் கடையில் கூடிப் பேசுகிறார்களே, அது சங்கமா, அரட்டைக் கச்சேரி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "தவிர, போன ஸ்டிரைக்கில நம்ம வேலையச் செய்ய ஏஜென்சி பஸ்ல வந்து இறங்கி நம்ம வயித்துல அடிச்சவங்க இவங்கதான். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்த ஸ்டிரைக் ஒன்பதாம் நாளே உடைந்தது. அண்ணனின் தம்பிக்கு வேலை போனது அப்போதுதான். நடந்ததை அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஊசி குத்தியது இவளுக்கு மட்டுமில்லை. இன்னும் மூன்று பேர். எல்லோரையும் டாக்டரிடம் சேர்த்தது தையல் கடைக் கூட்டம்தான். அந்தத் தெருப் பெண்கள் வேலைத் தொல்லைகளைப் பேச அங்கே கூடுகிறார்கள்: ஏஜென்சிப் பெண்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், பொட்டலம் கட்டுகிறவர்கள் என்று. இவள் ஒரு வருஷமாகப் போகிறாளாம். ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்பாளே, அதெல்லாம் இதுதான். ஒரு வருஷத்தில் எத்தனை ரவிக்கை என்று எனக்கும் ஒரு தரம் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு என்னை வரச் சொல்கிறாள், சங்கத்து ஆளாக. யாராவது பார்த்தால்?

பிப்ரவரி 22, ஞாயிறு

போனேன். வெட்டுத் துணிக் குவியலுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவன் போலக் குனிந்தபடி இருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் ஒவ்வொரு கேள்வியும் குத்தியது. உங்களுக்கு ஊசி குத்தினால் ஆம்புலன்ஸ் வரும், எங்களுக்கு ஏன் வராது? நாங்கள் பிரிக்காமல் நீங்கள் எதை வெளுப்பீர்கள்? இவள் ஒரு மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் பொத்தான் கோத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளில் ஒருவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டிருந்தானா?

பிப்ரவரி 25, புதன்

பேசவில்லை. போட்டோ எடுத்திருக்கிறான்.

மேனேஜர் கூப்பிட்டு டீ வரவழைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் குடித்த முதல் டீ. மகள் நன்றாகப் படிக்கிறாளாமே, எந்தக் காலேஜ் என்று விசாரித்தார். மகள் பேச்சை எடுத்ததுமே தெரிந்துவிட்டது, இந்த டீ சும்மா வரவில்லை. பிறகு போனை என் பக்கம் திருப்பினார். தையல் கடை வாசலில் நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னால் இவள்.

"வீட்டம்மாகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. நீங்க விவரமானவரு."

சரி சார் என்றேன். ஏன் சரி என்றேன்? டீ சூடாக இருந்தது, ஒரே மடக்கில் குடித்தேன், நாக்கு வெந்துவிட்டது. இதை எழுதும்போதும் எரிகிறது.

பிப்ரவரி 26

இவளிடம் சொல்லவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

சண்டை. இனிமேல் அந்தக் கடைப் பக்கம் போகாதே என்றேன். எனக்கு வேலை போனால் சோற்றுக்கு என்ன வழி, மகளைப் பற்றி விசாரிக்கிறான், உனக்குப் புரிகிறதா என்று கத்தினேன். மேனேஜர் கூப்பிட்டது, போட்டோ, எல்லாம் கொட்டிவிட்டேன். அவள் பயந்துபோவாள் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே துணியை மடித்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்கும் பயந்தாங்க. அந்த மூட்டையத் தொடும்போதெல்லாம் கொல நடுங்குது. ஆனா தெனம் தொடறேன்ல. நீங்க ஒரு நாள் அந்தப் பக்கம் வந்து கைய விட்டுப் பாருங்க. அப்புறம் போகாதன்னு சொல்லுங்க, போகல."

போய்விட்டாள். மாத்திரை ஒரு வாரம் முன்பே முடிந்துவிட்டது. இன்று வாந்தி எடுத்தது நான்.

மார்ச் 4, புதன்

இன்று ஒரு அலறல். மெஷின் சத்தத்தையும் மீறி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. பெண்களின் அலறல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. இவள்தானோ, இரண்டாம் தரமும் இவளுக்கேயோ என்று நின்றேன். ஓடவில்லை. நின்றேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இவள் இல்லை. இவளுக்குப் பக்கத்து மேசைப் பெண், போன வருஷம் கல்யாணமானவள். ஊசி இல்லை, பிளேடு. விரலின் பாதி சதை தொங்கியதாம். ஒரு துணியைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வெளியே விட்டார்கள். கவனமில்லாத ஆள் தேவையில்லை, நாளையிலிருந்து வராதே என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள்.

அவள் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா என்றுகூடச் சொன்னேன். அதை நினைத்தால்... சீ.

மார்ச் 5, வியாழன்

மைக் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஊசி குத்தியது என் பெண்டாட்டிக்கு என்று சொன்னேன். அதற்குள் அழுதுவிட்டேன். அவர் பேசாமல் இருந்து இன்றுதான் பார்த்தேன். கமிட்டியில் சிரித்ததை நினைத்திருப்பார். கடைசியில், அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வந்தார். கதவிலேயே தலையை இடித்துக்கொண்டார், யாரும் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் நாங்கள் நாலு பேர், மறுபக்கம் அத்தனை பெண்கள். கோர்ட்டில் வாதியும் பிரதிவாதியும் போல.

ஆரம்பமே கோணலாகப் போனது. அன்றைக்கு பஸ்ஸில் வந்தவர்களை நம்பி நாங்கள் எப்படி இறங்குவது என்று அண்ணன் நேராகவே கேட்டுவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். தையலக்கா மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த பஸ்ல நானும் வந்தேண்ணே. என்ன வேல, எதுக்கு ஆள் கூப்பிடறாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. கேட்டுல நீங்க எங்களத் திட்டினீங்க. அதுக்கு முந்தின நாள் எங்க தெருவுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க ஏன் ஏறப்போறோம்?"

அண்ணன் தலையைத் தடவிக்கொண்டார். இடித்த இடம் வலித்ததோ என்னவோ. "வந்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு ஓடியது.

முடிவானது: வியாழக்கிழமை முதல் பெண்கள் மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். ஊசியும் பிளேடும் தனி டப்பாவில் வர வேண்டும், தடிமனான கையுறை வேண்டும், அடிபட்டால் வைத்தியம் ஆலைச் செலவில், வெளியே அனுப்பிய பெண் திரும்ப வர வேண்டும். பிரிக்காத மூட்டையை வைத்து நாங்கள் மெஷின் ஓட்ட மாட்டோம். ஏஜென்சி வேறு ஆள் ஏற்றிவந்தால்? அதை எங்களிடம் விடுங்கள், தெருத்தெருவாக நாங்கள் போகிறோம் என்றார்கள் பெண்கள். அது சங்கத்தால் ஆகாத காரியம். அந்தத் தெருக்களில் எங்களுக்கு ஒரு முகமும் தெரியாது.

ஆபரேஷன் அறைத் துணியும் குழந்தைகள் வார்டுத் துணியும் மட்டும் நிற்கக் கூடாது, இடுக்கி வைத்து நாங்களே மெதுவாகப் பிரித்துத் தருகிறோம் என்று இவள் சொன்னாள். "நோயாளி என்ன பண்ணுவான் பாவம்." எங்கள் நாலு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

மார்ச் 11, புதன்

நாளைக்கு. மூன்று தரம் கழிவறைக்குப் போய்விட்டேன். இவள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஊசி உட்பட. நான் சொல்லியிருக்க மாட்டேன். மகள் அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, உங்களப் போலீஸ் பிடிக்குமா?" என்றாள்.

தெரியாது என்றேன். பொய் சொல்லவும் தெம்பில்லை.

மார்ச் 12, வியாழன்

முதல் ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. மேனேஜர் வந்தார். மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே தள்ள ஆள் வைக்கிறேன், நீ பட்டனை அழுத்து என்றார். என்னைத்தான் முதலில் கேட்டார். என்னைத் தேர்ந்தெடுத்துத்தான் கேட்டார், யார் இளகுவான் என்று தெரிந்தவர்.

"பிரிக்காத மூட்டைக்கு மெஷின் ஓட்ட மாட்டோம் சார்."

கம்பீரமாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பூனைக்குட்டி கத்துவது போல வந்தது குரல். ஆனால் சொல்லிவிட்டேன். பிறகு பக்கத்து மெஷின்காரன் சொன்னான், அடுத்தவன் சொன்னான். மைக் அண்ணன் சொன்னது சுவரைத் தாண்டிப் போயிருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது.

மாலையில் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை நான் சஸ்பெண்ட். நான் மட்டும்.

மார்ச் 13, வெள்ளி

விடியும் முன்பே கேட்டுக்குப் போய்விட்டேன். இவள் வரவில்லை. எல்லாப் பெண்களும் தெருக்களுக்குப் போயிருந்தார்கள், வீடு வீடாக. மூன்று நாளாகப் போகிறார்கள். ஏஜென்சி இரட்டைக் கூலி என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. இரட்டைக் கூலியை யார் வேண்டாம் என்பார்கள்? நானாக இருந்தால் ஏறியிருப்பேன். அண்ணன் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள்.

பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. நான் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் பேசாததால் நிமிர்ந்தேன். ஜன்னல் ஜன்னலாகக் காலி. பின்சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி. டிரைவர் இறங்கி, தெருவுக்குத் தெரு ஹாரன் அடித்தேன், வாசலில் நின்று பார்த்தார்கள், யாரும் ஏறவில்லை என்று அண்ணனிடமே முறையிட்டான்.

எங்கள் ஆள் ஒருவன் அந்த இரண்டு பேரைத் திட்ட வாயெடுத்தான். அண்ணன் அவன் தோளை அழுத்தினார். கிட்டப்போய், குரலை எங்கே ஒளித்து வைத்தாரோ, மெதுவாக ஏதோ பேசினார். அவர்கள் உள்ளே போகவில்லை. இவள் வந்து சேர்ந்தபோது அவர்கள் எங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 16, திங்கள்

ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன் வந்திருக்கிறது. இறங்கி வந்தார்கள். டப்பா, கையுறை, வைத்தியம் எழுத்தில். விரல் அறுபட்ட பெண்ணுக்கு வேலை உண்டு. என் சஸ்பென்ஷனையும் எடுத்தால்தான் கையெழுத்து என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்களாம். அண்ணன் சொல்லித்தான் தெரியும். எடுத்தார்கள், ஆனால் விசாரணை நிலுவையில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவோம் என்று. பெண்களுக்கு மட்டும் பின்வாசல் என்பதை மாற்றுவது, அவர்களை நிரந்தரமாக்குவது பற்றிப் பேச மறுத்துவிட்டார்கள்.

தெருவில் எல்லோரும் சிரித்துக்கொண்டு போனார்கள். இவள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது.

ஏப்ரல் 24, வெள்ளி

ரத்தம் எடுத்தார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

ஏப்ரல் 27, திங்கள்

ஒன்றுமில்லை. எந்த நோயும் இல்லை. அந்த ஆய்வகப் பெண் சாதாரணமாகச் சொன்னாள், போயிட்டு வாங்க என்று. நான் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் இவள் அழுதாள். இத்தனை நாளில் முதல் தரம். இரண்டு பஸ்ஸை விட்டோம்.

மே 10, ஞாயிறு

பொதுக்கூட்டம். ஏஜென்சி ஆட்களும் உறுப்பினராகலாம் என்று விதி மாறியது. எதிர்த்தவர்களும் நிறையவே உண்டு. நமக்குக் கிடைப்பதும் போய்விடும் என்று ஒருவன் பேசினான். அவன் பயம் எனக்குப் புரிந்தது, அதை நானே சொல்லியிருப்பேன். தையல் கடைக் கூட்டம் தனியாகவே இருக்கும், சங்கத்துக்குள் கரைய மாட்டோம், கைகோத்துத்தான் நிற்போம் என்றாள் தையலக்கா. அண்ணன் அதற்கும் சரி என்றார். புதுக் கமிட்டி, புது செயலாளர். என் கையெழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மே 19, செவ்வாய்

நிரந்தரம் பற்றிப் பேச இன்று முதல் தரம் கூப்பிட்டிருந்தார்கள். என் விசாரணையும் இன்றே எடுத்தாலும் எடுப்பார்களாம். மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அண்ணன், தையலக்கா, இவள், நான். உள்ளங்கை ஈரமாகிக்கொண்டே இருந்தது, கால்சட்டையில் துடைத்தபடி இருந்தேன். இவளும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்து, செயலாளர் உள்ளே வரலாம் என்றார் மேனேஜர். பழக்கதோஷம், நான் எழுந்துவிட்டேன்.

"நீங்க இல்ல," என்றார். பிறகு இவளைப் பார்த்து, "வாங்க, உள்ள வாங்க."

இவள் சாப்பாட்டுப் பையை என் மடியில் வைத்துவிட்டு, பச்சைக் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் மற்ற இருவரும். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறதோ என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே வரை கேட்டது அவள் குரல் மட்டும்தான்.